‘நான்-டயக்னாஸ்டிக்’ என்றால் ‘ஒண்ணுமில்லை’ என்று அர்த்தம் இல்லை

உங்க வீட்டுக்கு ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் வந்தா அதைப் படிச்சுச் சொல்றது யாரு? எங்க வீட்டுல நான்தான். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் என்பதால் பேங்க் லெட்டர், இன்சூரன்ஸ் பேப்பர், பிளட் டெஸ்ட் எல்லாமே "என்னன்னு பாரு தம்பி" என்ற ஒரு வரியோட என் வாட்ஸ்அப்புக்கு வந்துடும். சோழவந்தான், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டின்னு சுத்துப்பட்டுல இருந்து பஸ் ஏறி இந்தக் காலேஜுக்கு வர்ற பலருக்கும் வீட்டுல இதே வேலை இருக்கும். இந்தக் கட்டுரை அவங்களுக்காக. (என் தமிழ் இப்படித்தான் கலந்து இருக்கும், பொறுத்துக்கோங்க.)

எங்க அம்மா சோழவந்தான் பக்கம் ஒரு அங்கன்வாடியில வேலை பார்க்கிறாங்க. போன வருஷம் ஒரு குட்டிப் பையன் அம்மாவோட கழுத்தைக் காட்டி, "டீச்சர், உங்க கழுத்துல நெல்லிக்கா" என்று சொல்லியிருக்கான். அம்மா தடவிப் பார்த்தா, வலது பக்கம் நிஜமாவே ஒரு உருண்டை. எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்குது. மதுரைக்கு வந்து ஒரு இடத்துல ஊசி போட்டு எடுத்தாங்க. மூணாவது நாள் பி.டி.எஃப். எனக்கு வந்துச்சு. அப்போ நான் எம்பெடட் லேப்ல இருந்தேன். கடைசி வரியை மட்டும் பார்த்தேன். "நான்-டயக்னாஸ்டிக்" என்று இருந்துச்சு. டயக்னோசிஸ் இல்லை, அப்போ நோய் இல்லை. அம்மாவுக்கு உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா இருங்க."

அந்த ரிப்போர்ட் ஐந்து மாசம் பீரோவுல கிடந்தது.

ஏழாவது செமஸ்டர்ல புராஜெக்டுக்காக ஒரு மெடிக்கல் டேட்டாசெட்டைச் சுத்தம் பண்ணிட்டு இருந்தோம். என் டீம்மேட் சொன்னான்: "இந்த நான்-டயக்னாஸ்டிக் ரோ எல்லாத்தையும் தூக்கிடலாம்டா. இதுல ரிசல்ட்டே கிடையாது." எனக்கு வயித்துல ஏதோ கரைஞ்ச மாதிரி ஆச்சு. ரிசல்ட்டே கிடையாதா? அப்போ நான் அம்மாகிட்ட சொன்னது என்ன?

அதுக்கப்புறம் படிச்சது, டாக்டர்கள்கிட்ட கேட்டது எல்லாத்தையும் ஒரு பாடம் மாதிரி இங்கே எழுதுறேன். நான் டாக்டர் இல்லை. இதை வெச்சு நீங்களா முடிவு எடுக்காதீங்க. டாக்டர் முன்னாடி உட்காரும்போது என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் இது.

முதல்ல பயத்தைக் குறைச்சுக்கலாம்

தைராய்டு என்பது கழுத்தோட முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு இறக்கையோட இருக்கிற சுரப்பி. அதுல வர்ற கட்டியை நாட்யூல் என்று சொல்றாங்க. இது ரொம்ப சாதாரணம். உப்பில் அயோடின் போதுமான அளவு கிடைக்கிற ஊர்கள்லயே, கையால தடவினா தெரியுற கட்டி பெண்கள்ல சுமார் 5 சதவீதம் பேருக்கும், ஆண்கள்ல சுமார் 1 சதவீதம் பேருக்கும் இருக்கு. அல்ட்ராசவுண்டு வெச்சுத் தேடினா இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியும். இந்தக் கட்டிகள்ல கேன்சரா முடியுறது 7 முதல் 15 சதவீதம் வரைதான் என்று அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷனோட 2015 வழிகாட்டி சொல்லுது. அதாவது கட்டி இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு அது கேன்சர் இல்லை.

அந்தச் சின்னப் பங்கைப் பிரிச்சு எடுக்கத்தான் எஃப்.என்.ஏ.சி. என்கிற ஊசிச் சோதனை. பிளட் டெஸ்டுக்குக் குத்துறதை விட மெல்லிய ஊசி, பெரும்பாலும் 23 முதல் 27 கேஜுக்குள்ள இருக்கும். 25 கேஜ் என்றால் வெளிவிட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். அதைக் கட்டிக்குள்ள விட்டு முன்னும் பின்னும் அசைச்சா கொஞ்சம் செல்கள் ஊசிக்குள்ள ஏறும். அதைக் கண்ணாடி ஸ்லைடுல பரப்பி, சாயம் ஏத்தி, பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. ரெண்டு சென்டிமீட்டர் கட்டியில இருந்து நாம எடுக்கிறது சில சொட்டு சாம்பிள். சாம்பிளிங் தியரி படிச்சவங்களுக்கு இதுல எங்கெல்லாம் தப்பு வரலாம்னு இப்பவே தெரிஞ்சிருக்கும்.

ஆறு பெட்டிகள்

2007ல் அமெரிக்காவின் மேரிலாந்துல இருக்கிற பெதஸ்டா என்ற ஊர்ல, நேஷனல் கேன்சர் இன்ஸ்டிடியூட் ஒரு கூட்டம் நடத்துச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு விதமா ரிப்போர்ட் எழுதிட்டு இருந்தாங்க. அதை ஒழுங்குபடுத்தி ஆறு வகையாப் பிரிச்சாங்க. அந்த ஊர்ப் பேரே முறைக்கும் பேரா ஆகிடுச்சு. கடைசியா 2023ல் இதோட மூணாவது பதிப்பு வந்தது. மதுரையில எடுத்த ரிப்போர்ட்லயும் ‘பெதஸ்டா’ என்று போட்டு, பக்கத்துல ரோமன் எண் இருக்கும். அந்த எண்தான் முக்கியம்.

1: நான்-டயக்னாஸ்டிக். சொல்ற அளவுக்குச் செல்கள் கிடைக்கலை.
2: பினைன். கேன்சர் இல்லாத கட்டி.
3: ஏ.யு.எஸ். செல்கள் முழுசா நார்மலாவும் இல்லை, கேன்சர் மாதிரியும் இல்லை.
4: ஃபாலிகுலர் நியோப்ளாசம். செல்கள் அடுக்கியிருக்கிற விதத்துல சந்தேகம்.
5: கேன்சரா இருக்கலாம் என்ற வலுவான சந்தேகம்.
6: கேன்சர்.

2023 பதிப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சராசரி கேன்சர் வாய்ப்பு கொடுக்குது. வரிசையா 13, 4, 22, 30, 74, 97 சதவீதம். இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? முதல் பெட்டிக்கு 13, ரெண்டாவது பெட்டிக்கு 4. நான் ‘ஒண்ணுமில்லை’ன்னு சொன்ன பெட்டி, நிஜமாவே ‘ஒண்ணுமில்லை’ன்னு சொல்ற பெட்டியை விட மூணு மடங்குக்கு மேல ரிஸ்க் உள்ளது. எண் சின்னதா இருந்தா நல்லதுன்னு வரிசையா நினைச்சுக்கக் கூடாது. முதல் பெட்டி வரிசையிலேயே சேராது. அது "திரும்ப எடுங்க" என்கிற பெட்டி.

மூணு விதமான ‘தெரியலை’

5, 6 வந்தா பெரும்பாலும் பேச்சு ஆபரேஷன் பக்கம் போயிடும். 2 வந்தா அப்பப்போ ஸ்கேன் பார்த்துட்டு இருந்தா போதும். குழப்பம் எல்லாம் 1, 3, 4ல்தான். நம்ம வாயில இந்த மூணுமே "இன்கன்க்ளூசிவ்" என்ற ஒரே வார்த்தையாத்தான் வரும். ஆனா மூணும் வேற வேற பிரச்சினை. லேப்ல நமக்குப் பழக்கமான உதாரணத்தோட பார்ப்போம்.

முதல் விதம்: புரோப் சரியாத் தொடலை. மல்டிமீட்டரை வெச்சீங்க, டிஸ்ப்ளேல ரீடிங்கே வரலை. சர்க்யூட் நல்லா இருக்கா கெட்டிருக்கா என்று அதுல இருந்து ஒண்ணும் சொல்ல முடியாது. பெதஸ்டா 1 இதுதான். பேத்தாலஜிஸ்டுக்கு ஒரு குறைந்தபட்சக் கணக்கு இருக்கு: ஒவ்வொண்ணுலயும் பத்து செல்லாவது இருக்கிற மாதிரி ஆறு கூட்டம் ஃபாலிகுலர் செல்கள் வேணும். அது இல்லைன்னா பொதுவா ரிசல்ட் சொல்ல மாட்டாங்க. ரத்தம் அதிகமாக் கலந்தாலோ, கட்டிக்குள்ள நீர் நிறைஞ்சிருந்தாலோ, ஊசி கட்டியைத் தவறவிட்டாலோ இப்படி ஆகும்.

இரண்டாவது விதம்: ரீடிங் நடுவுல நிக்குது. டி.டி.எல். இன்புட்டுல 0.8 வோல்ட்டுக்குக் கீழ போனா ஜீரோ, 2 வோல்ட்டுக்கு மேல போனா ஒண்ணு. 1.4 வோல்ட் வந்தா? மீட்டர்ல தப்பில்லை, சாம்பிள்ல தப்பில்லை, வேல்யூதான் அப்படி. பெதஸ்டா 3 இதுதான். செல்கள் போதுமான அளவு வந்திருக்கு, ஆனா சிலது மட்டும் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. தைராய்டுல பழைய வீக்கம் இருந்தாலும் அப்படித் தெரியலாம், வேற ஏதாவது இருந்தாலும் தெரியலாம்.

மூணாவது விதம்: கருவியே இதுக்கானது இல்லை. வேவ்ஃபார்மோட வடிவம் தெரியணும்னா மல்டிமீட்டர் எத்தனை தடவை வெச்சாலும் பிரயோஜனம் இல்லை, சி.ஆர்.ஓ. வேணும். பெதஸ்டா 4 இதுதான். இதை எங்க அம்மாவுக்கு ஒரு சர்ஜன் சொன்ன விதம் என் மல்டிமீட்டரை விட நல்லா இருந்துச்சு:

"ஏம்மா, உங்க ஊர்ல கிடை போடுவாங்கள்ல? பட்டிக்குள்ள இருக்கிற ஆடும் வேலி தாண்டிப் போன ஆடும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்? நடுவுல கையை விட்டு ஒரு ஆட்டைத் தூக்கிப் பார்த்தா, வேலி உடைஞ்சிருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா? அதுக்கு வேலியைச் சுத்திப் பார்க்கணும். உங்க கட்டியும் அப்படித்தான். ஊசியில வர்றது ஆடு. நான் பார்க்க வேண்டியது வேலி."

ஃபாலிகுலர் வகைக் கட்டியைச் சுத்தி ஒரு மெல்லிய உறை இருக்கும். செல்கள் அந்த உறையையோ ரத்தக்குழாயையோ துளைச்சு வெளிய போயிருந்தா கேன்சர். போகலைன்னா அது சாதாரண அடினோமா. ரெண்டுலயும் செல்கள் பார்க்க ஒண்ணுபோலவே இருக்கும். உறையை முழுசாப் பார்க்கணும்னா கட்டி வெளிய வந்தாகணும். தைராய்டு கேன்சர்ல மிக அதிகமா வர்ற பாப்பிலரி வகைக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதோட செல்லுக்குள்ள இருக்கிற நியூக்ளியஸே வித்தியாசமா இருக்கும், அதனால பல நேரம் ஊசியிலேயே தெரிஞ்சிடும்.

எந்தத் ‘தெரியலை’க்கு எந்த அடுத்த படி?

ஊசிக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் கையில இருக்கணும். இல்லைன்னா இப்போ கேளுங்க.

ஒண்ணு, டி.எஸ்.எச். ரத்தச் சோதனை. இது நார்மலை விடக் குறைவா இருந்தா, கட்டியே ஹார்மோனை அதிகமாச் சுரக்குதோ என்று பார்க்க ஒரு ஐசோடோப் ஸ்கேன் எடுப்பாங்க. அப்படிச் சுரக்கிற ‘ஹாட்’ கட்டியில கேன்சர் அபூர்வம், ஊசியே பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு குறிப்பு: முடி வளர பயோட்டின் மாத்திரை, கம்மி எல்லாம் சாப்பிடுறீங்களா? பயோட்டின் பல லேப்கள்ல தைராய்டு ரீடிங்கைத் தப்பாக் காட்ட வைக்கும். டெஸ்டுக்கு ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்தணும்னு சொல்றாங்க. சாப்பிடுறதை டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

ரெண்டு, அல்ட்ராசவுண்டோட டைராட்ஸ் மதிப்பெண். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017ல் வெளியிட்ட முறை இது. கட்டியோட உட்பொருள், கருமை, வடிவம், ஓரம், உள்ளே தெரியுற வெள்ளைப் புள்ளிகள் என்று ஐந்துக்கும் மார்க் போட்டுக் கூட்டுவாங்க. எங்க அம்மாவோட கட்டியை வெச்சுக் கணக்கு போடுவோம். முழுக்கத் திடமான கட்டி, 2. சுத்தியிருக்கிற தைராய்டை விடக் கருப்பா இருக்கு, 2. உயரத்தை விட அகலம் அதிகம், 0. ஓரம் வழவழப்பு, 0. புள்ளிகள் இல்லை, 0. மொத்தம் 4. நாலு முதல் ஆறு வரை வந்தா டைராட்ஸ் 4. அந்த வகையில 1.5 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா ஊசி எடுக்கணும். அம்மாவுக்கு 2.2 சென்டிமீட்டர். அதாவது ஊசி எடுத்தது சரி. அதுல ஒண்ணும் கிடைக்கலைன்னதும் நான் விட்டதுதான் தப்பு.

இனி ஒவ்வொரு பெட்டியா வருவோம்.

பெதஸ்டா 1 வந்தா: திரும்ப ஊசி, ஆனா இந்தத் தடவை அல்ட்ராசவுண்டுல பார்த்துக்கிட்டே. முதல் தடவை கையால தடவியே குத்தியிருந்தா இது ரொம்ப முக்கியம். நீர் நிறைஞ்ச கட்டின்னா, திடமான பகுதியைப் பார்த்துக் குத்தணும். வசதி இருக்கிற இடத்துல, எடுத்த உடனே பக்கத்துலயே ஒருத்தர் மைக்ராஸ்கோப்ல பார்த்து "செல் போதும்" அல்லது "இன்னொரு தடவை எடுங்க" என்று சொல்வாங்க. இப்படித் திரும்ப எடுக்கும்போது 60 முதல் 80 சதவீதம் பேருக்குத் தெளிவான பதில் கிடைச்சிடுதுன்னு அதே 2015 வழிகாட்டி சொல்லுது. ரெண்டாவது தடவையும் கிடைக்கலைன்னா ஸ்கேன் எப்படி இருக்குன்னு பார்த்துத்தான் முடிவு. சந்தேகம் குறைவுன்னா கவனிச்சுட்டே இருக்கலாம், அதிகம்னா ஆபரேஷன் பத்திப் பேசுவாங்க.

பெதஸ்டா 3 வந்தா: அவசரம் வேண்டாம், மறதியும் வேண்டாம். வழிகள் மூணு நாலு இருக்கு. அதே ஸ்லைடை இன்னொரு அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட் பார்க்கலாம். ஊசியைத் திரும்ப எடுக்கலாம், பலருக்கு ரெண்டாவது தடவை வேற பெட்டிக்கு மாறிடும். ஸ்கேன் நல்லா இருந்தா குறிப்பிட்ட இடைவெளியில பார்த்துட்டு இருக்கலாம். ஸ்கேனும் மோசமா இருந்தா பாதித் தைராய்டை எடுத்துப் பார்க்கலாம். வெளிநாட்டுல ஊசியில வந்த செல்லோட ஜீன்களைப் பார்க்கிற மாலிகுலர் டெஸ்ட் இருக்கு. நெட்ல தேடினா அதுதான் முதல்ல வரும். நம்ம ஊர்ல அது வழக்கமான படி இல்லை, செலவும் அதிகம். அது இல்லாததால அம்மாவுக்குச் சரியான வைத்தியமே கிடைக்கலைன்னு தவிக்க வேண்டாம்.

பெதஸ்டா 4 வந்தா: ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்துறதால பெரிய லாபம் இல்லை. வேலியைப் பார்க்கணும். அதனால பெரும்பாலும் கட்டி இருக்கிற பாதியை மட்டும் எடுக்கிற ஆபரேஷன், லோபெக்டமி. இதை வைத்தியம்னு மட்டும் பார்க்காதீங்க, இதுவும் ஒரு டெஸ்ட்தான், கொஞ்சம் பெரிய டெஸ்ட்.

‘முழுசா எடுத்துடுங்க’ என்று சொல்றதுக்கு முன்னாடி

எங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னாங்க: "மொத்தமா எடுத்துப் போட்டுட்டா நிம்மதி." கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மொத்தத் தைராய்டையும் எடுத்தா வாழ்நாள் முழுக்க தினமும் காலையில வெறும் வயித்துல மாத்திரை. தைராய்டுக்குப் பின்னாடி பொதுவா நாலு குட்டிப் பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கு, ரத்தத்துல கால்சியத்தைப் பார்த்துக்கிறது அதுங்கதான். ரெண்டு பக்கமும் கை வெச்சா நாலுக்கும் ஆபத்து. அதே மாதிரி குரலுக்குப் போற நரம்பு ஒவ்வொரு பக்கமும் தைராய்டை ஒட்டியே ஓடுது. பாதி மட்டும் எடுத்தா இன்னொரு பக்கத்து நரம்பும் சுரப்பிகளும் தொடப்படாம இருக்கும். மிச்சமிருக்கிற பாதியே பலருக்குப் போதும். சிலருக்கு மட்டும் மாத்திரை தேவைப்படும், அது சில வாரம் கழிச்சு டி.எஸ்.எச். பார்த்தா தெரியும். எடுத்த பாதியில கேன்சர்னு வந்தாலும், எல்லாருக்கும் மிச்சப் பாதியை எடுக்கணும்னு இல்லை.

எங்க அம்மாவுக்கு இதுல குரல்தான் பெரிய கவலை. இருபது பிள்ளைகளைப் பாட்டுப் பாடித்தான் உட்கார வைப்பாங்க. "குரல் போயிட்டா நான் அங்க போய் என்ன செய்யுறது?" என்று கேட்டாங்க. உங்க வீட்டுலயும் அந்தக் கேள்வி இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லுங்க. குரல்நாண் அசைவை முன்கூட்டியே பார்த்து வெச்சுக்கிற பழக்கம் உண்டு.

சதவீதத்தை எப்படிப் படிக்கணும்?

பெதஸ்டா 3க்கு 22 சதவீதம்னு சொன்னேன். அது எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணி, கட்டியை வெளிய எடுத்து, உறுதியாத் தெரிஞ்சவங்களோட கணக்குல இருந்து. ஆனா ஆபரேஷனுக்குப் போறது யாரு? ஏற்கெனவே ஸ்கேன்ல சந்தேகம் அதிகமா இருந்தவங்கதான். நம்ம ரீவேல்யுவேஷன் மாதிரி. அப்ளை பண்ணவங்கள்ல இத்தனை பேருக்கு மார்க் ஏறுச்சுன்னா, கிளாஸ்ல எல்லாருக்கும் அதே விகிதத்துல ஏறும்னு சொல்ல முடியாது. "நிச்சயம் ஏறும்"னு தோணினவன்தான் காசு கட்டியிருப்பான். அதனால ஆபரேஷன் வரைக்கும் போகாதவங்களையும் சேர்த்தா நிஜமான வாய்ப்பு இதை விடக் குறைவா இருக்கலாம். உங்க அம்மாவோட எண், அந்தப் பெட்டியோட எண்ணும் ஸ்கேனும் வயசும் குடும்ப வரலாறும் சேர்ந்தது. கூகிள்ல அது இருக்காது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். இதைப் படிச்சுட்டு "வீட்டுல எல்லாருக்கும் கழுத்து ஸ்கேன் எடுத்துடலாம்" என்று கிளம்பாதீங்க. தென்கொரியாவுல 1999ல் தேசியக் கேன்சர் பரிசோதனைத் திட்டம் தொடங்கினப்போ, கூடுதலா கொஞ்சம் காசு கட்டி தைராய்டு ஸ்கேனும் எடுக்கிற வழக்கம் பரவிச்சு. 2011ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு கேன்சர் விகிதம் 1993ல் இருந்ததைப் போல 15 மடங்கு. ஆனா அதனால இறந்தவங்க விகிதம் மாறவே இல்லை. தேடினதால கிடைச்சது பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராம இருந்திருக்கக்கூடிய சின்னச் சின்னப் புள்ளிகள். ஜப்பான்ல கோபே நகரத்துல இருக்கிற குமா மருத்துவமனை 1993லிருந்தே, ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற, ஆபத்துக் குறைவான பாப்பிலரி கேன்சரைக்கூட உடனே வெட்டாம கவனிச்சுட்டு வருது. அறிகுறி இல்லாதவங்களைத் தேடிப் போக வேண்டாம். ஆனா ஏற்கெனவே கைக்குத் தெரியுற கட்டிக்குப் பதில் வாங்காம விடவும் கூடாது.

கட்டி வேகமாப் பெருசாகுது, குரல் கரகரன்னு மாறி சரியாகவே இல்லை, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், கழுத்துப் பக்கவாட்டுல வேற நெறிகட்டு, சின்ன வயசுல கழுத்துக்கு ரேடியேஷன் கொடுத்த வரலாறு, குடும்பத்துல தைராய்டு கேன்சர், இதுல எது இருந்தாலும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" கிடையாது.

மதுரையில எங்கே, எப்படி?

கோரிப்பாளையம் பக்கம் இருக்கிற அரசு இராசாசி மருத்துவமனை, மதுரை மருத்துவக் கல்லூரியோட மருத்துவமனை. ஆபரேஷன், பேத்தாலஜி, ஸ்கேன் எல்லாம் ஒரே வளாகம். காலையில சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போடணும், ஒரு முழு நாளை ஒதுக்கிக்கோங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இந்தச் சுரப்பிகளுக்குன்னே எண்டோகிரைன் சர்ஜரி துறை தனியா இருக்கு. தனியார்ல பார்க்கிறதா இருந்தா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அந்த ஆஸ்பத்திரியில, அந்த ஆபரேஷனுக்குச் செல்லுமான்னு காப்பீட்டு கவுன்டர்ல முன்னாடியே கேளுங்க. யாரைக் கேட்கிறதுன்னே தெரியலைன்னா 104க்கு போன் பண்ணலாம், அது அரசோட மருத்துவ உதவி எண்.

முக்கியமான ஒண்ணு: எங்க போனாலும் பழைய ஸ்லைடைக் கேட்டு வாங்கிட்டுப் போங்க. ரிப்போர்ட் என்பது ஒருத்தர் பார்த்து எழுதின கருத்து. ஸ்லைடுதான் மூலம். லேப்ல எழுதிக் கொடுத்துக் கேட்டா, சின்னப் பெட்டியில வெச்சுக் கொடுப்பாங்க. ஸ்கேன் பேப்பர், டி.எஸ்.எச்., ஊசி ரிப்போர்ட், ஸ்லைடு எல்லாத்தையும் தேதிவாரியா ஒரே ஃபைல்ல போடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கன்னா அந்தப் பேரையும் மேலேயே எழுதி வைங்க.

டாக்டர்கிட்ட கேட்க இதைப் போன்ல சேவ் பண்ணிக்கோங்க:

1. பெதஸ்டா எண் என்ன? எழுதலைன்னா எந்த வகைன்னு சொல்ல முடியுமா?
2. ஊசி ஸ்கேன் பார்த்து எடுத்ததா, கையால தடவி எடுத்ததா?
3. டைராட்ஸ் எத்தனை, கட்டி அளவு எத்தனை?
4. டி.எஸ்.எச். எவ்வளவு?
5. ஸ்லைடை இன்னொருத்தர் பார்க்கிறது இந்த இடத்துல உதவுமா?
6. அடுத்து என்ன, எந்தத் தேதியில?
7. ஆபரேஷன்னா பாதியா முழுசா, ஏன்?

ஆறாவது கேள்விக்குத் தேதி வாங்காம ரூமை விட்டு வெளிய வராதீங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

எங்க அம்மாவுக்கு ரெண்டாவது ஊசி ஸ்கேன் பார்த்து எடுத்தாங்க. பெதஸ்டா 4. வலது பாதியை எடுத்தாங்க. ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த ஒன்பது நாள் நான் ஒழுங்காத் தூங்கலை. ஃபாலிகுலர் அடினோமா என்று வந்துச்சு. உறை முழுசா இருக்கு, வேலி உடையலை. கேன்சர் இல்லை. மூணு வாரம் குரல் கரகரன்னு இருந்துச்சு, அப்புறம் சரியாகிடுச்சு.

நான் சொன்னது கடைசியில பலிச்சுடுச்சுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம்தான் வரும். நான் சொன்னப்போ அது எனக்குத் தெரியாது. ஸ்லைடைப் பார்த்த பேத்தாலஜிஸ்டுக்கே தெரியலை, அதைத்தான் அவங்க நேர்மையா எழுதியிருந்தாங்க. பெரும்பாலான தைராய்டு கேன்சர் மெதுவா வளர்றதுதான், ஐந்து மாசத்துல பெரிய வித்தியாசம் வந்திருக்காமலும் போயிருக்கலாம். ஆனா காத்திருக்கிறதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டியது அம்மா. நான் அவங்களுக்கே தெரியாம அந்த முடிவை எடுத்துட்டேன்.

அம்மாகிட்ட இதை ஒத்துக்கிட்டப்போ திட்டுவாங்கன்னு நினைச்சேன். பூண்டு உரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "புரியலைன்னா புரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல தம்பி. நான் வேற யாரையாவது கேட்டிருப்பேன்."

இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. வாட்ஸ்அப்பைத் திறந்து, வீட்டுல இருந்து கடைசியா வந்த ரிப்போர்ட் பி.டி.எஃப்.பைத் தேடுங்க. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிங்க. ஒரு வார்த்தை புரியலைன்னாலும் வீட்டுக்கு போன் போட்டு, "இது எனக்குப் புரியலை, டாக்டர்கிட்ட சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்லுங்க.

– இறுதியாண்டு, இ.சி.இ.